கிடைத்த யூ மரத்தில் வில் வருமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மூங்கில் வில்லைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களோ யூ மரத்தைப் பற்றிக் கேட்கின்றன. நம் சமவெளியில் வளராத ஐரோப்பிய மரம் அது. ஆனாலும் வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்கள் வழியாகவும் பழைய சாமான் கடைகள் வழியாகவும் துண்டு துண்டாக இங்கே வந்து சேர்கிறது போலிருக்கிறது. பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் என் பட்டறைக்கு வந்த துண்டுகளைக் கையாண்டு தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான் வீட்டுத் தோட்டத்தில் ஒரு யூ மரம் புயலில் சாய்ந்து இரண்டு வருஷம் அப்படியே கிடந்ததாம். அதை வெட்டி, ஆறடித் துண்டு நான்கை வீட்டுச் சாமான்களோடு கண்டெய்னரில் அனுப்பியிருக்கிறார். பட்டை உரித்தாகிவிட்டது. வைரம் நல்ல செம்பழுப்பில் பார்க்கவே அழகாக இருக்கிறது. இதில் வில்லுக்குத் தேறுவது எது, தேறாதது எது என்று எப்படிப் பார்ப்பது ஐயா?
– பட்டர்வொர்த் வாசகர்

வைரத்தின், அதாவது உள்பக்கத்துக் கெட்டி மரத்தின், நிறத்தை எழுதியிருக்கிறீர்கள், வெள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. யூ மரத்தில் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆசாரிகள் வெளிறு என்று சொல்கிற வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தை, பூச்சி பிடிக்கும் என்று மேசை நாற்காலி வேலையில் செதுக்கித் தள்ளிவிடுவார்கள். வில் வேலையில் அதைச் செய்யக் கூடாது. நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு, அதாவது குறியைப் பார்த்த பக்கம், இழுபடுகிறது. உங்களைப் பார்த்த வயிற்றுப் பக்கம் நசுங்குகிறது. யூவில் வெள்ளை இழுப்பைத் தாங்கும், வைரம் நசுக்கலைத் தாங்கும், இரண்டும் ஒரே மரத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியே வளர்ந்திருக்கிறது, இதற்காகத்தான் இந்த மரத்தை அத்தனை நூற்றாண்டு தேடித் தேடி வாங்கினார்கள். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ விற்கள் கிடைத்தன. அவற்றிலும் முதுகில் வெள்ளை, வயிற்றில் வைரம் என்ற அமைப்புதான்.

விழுந்து கிடந்த மரத்தில் முதலில் கெடுவதும் அந்த வெள்ளைதான். வைரத்தில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஆகாத சத்துகள் ஊறியிருக்கின்றன, எத்தனை வருஷம் கிடந்தாலும் அது அவ்வளவு சீக்கிரம் கெடாது. வெள்ளையில் இருப்பது மரத்தின் சாப்பாடு, அதனால் அது எல்லாவற்றுக்கும் சாப்பாடு. மச்சானுக்கு ஒரு போன் போட்டு, மரத்தின் எந்தப் பக்கம் தரையில் பட்டுக் கிடந்தது என்று கேளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த துண்டைக் கடைசியில் பார்த்தால் போதும்.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் துண்டை வாசலுக்குக் கொண்டு வந்து, பட்டை இருந்த பக்கத்தில் பேனாக்கத்தியால் ஒரு விரல் அகலத்துக்கு லேசாகச் சுரண்டுங்கள். வெண்ணெய் நிறத்தில் கொஞ்சம் பளபளப்போடு இருந்தால் நல்லது. சாம்பலோ நீலமோ ஓடியிருந்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம், அந்தக் கறை மட்டும் மரத்தின் பலத்தைப் பெரிதாகக் குறைக்காது, ஆனால் ஈரம் ரொம்ப நாள் நின்றிருக்கிறது என்பதற்கு அது அடையாளம், அதனால் அக்கம்பக்கத்தில் நன்றாகத் தேட வேண்டும். பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கியிருந்தாலோ, பேனாவால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து போனாலோ பூஞ்சை உள்ளே குடியேறிவிட்டது என்று அர்த்தம். அந்த வெள்ளை வில்லுக்கு ஆகாது.

கண்ணால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். துண்டின் ஓரத்திலிருந்து வெள்ளையில் மட்டும் பென்சில் பருமனுக்கு ஒரு சாண் நீளக் குச்சி பிளந்து எடுங்கள், ஒரே இடத்தில் எடுக்காமல் தலை, நடு, அடி என்று மூன்று இடத்தில். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வளையுங்கள். நல்ல மரம் நிறைய வளைந்து, கடைசியில் கரும்பைத் திருகி ஒடித்தால் நார் நாராக வருமே, அப்படி நீள நீளமான சிலாம்புகளோடு ஒடியும், இரண்டு பாதியும் பிரியாமல் தொங்கும். கெட்ட மரம் கொஞ்சம்கூட வளையாமல் ரஸ்க் மாதிரிச் சட்டென்று குறுக்கே உடையும். இந்தச் சோதனைக்குக் காசும் கிடையாது, கருவியும் வேண்டாம், இதைச் செய்யாமல் ஒரு யூ துண்டிலும் நான் இழைப்புளி வைப்பதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் வைத்தேன். கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை மங்கலாக இருந்தது. கத்தி முனையால் அழுத்தினேன், உறுதியாக இருந்தது, சரி என்று மேற்கொண்டு வேலையைப் பார்த்தேன். மூன்று வாரம் இழைத்து, வளைவு சரிபார்க்கிற மரத்தில் மாட்டி 24 அங்குலம் இழுத்தபோது அந்த இடத்திலேயே ஒடிந்தது. ஒடிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தால் சுற்றிலும் நீளச் சிலாம்புகள், அந்தக் கட்டைவிரல் அகலத்தில் மட்டும் சாக்கட்டியை உடைத்தது போல மொழுக்கென்று இருந்தது. அந்தத் துண்டை இன்னும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன், கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதலில் காட்டுவது அதைத்தான்.

வெள்ளை தேறிவிட்டால் அடுத்தது நார் ஓட்டம். மச்சான் துண்டுகளைப் பிளந்தாரா, ரம்பத்தால் அறுத்தாரா? பிளந்தால் மரம் தன் நார் வழியாகவே பிரியும். அறுத்தால் ரம்பம் தன் பாட்டுக்கு நேராகப் போகும், நார் வேறு பக்கம் போயிருக்கலாம். காய்ந்ததில் விழுந்த மெல்லிய வெடிப்புகளைப் பார்த்தால் தெரிந்துவிடும், வெடிப்பு எப்போதும் நாரை ஒட்டித்தான் ஓடும். ஒரு தலையிலிருந்து மறுதலைக்கு நூல் பிடித்து, வெடிப்பு அதோடு சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். கூடவே போனால் அந்த வெடிப்பால் பெரிய ஆபத்து இல்லை, பசை விட்டுக் கட்டிவிடலாம். பாதி வழியில் சாய்ந்து ஓரத்தைத் தாண்டி வெளியே போனால் அந்த மரம் முறுக்கிக்கொண்டு வளர்ந்தது, வில்லின் கை, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி, அந்த இடத்தில் பிளக்கும். நார் மேலும் கீழும் அலை அலையாகப் போவது வேறு விஷயம், அதில் பயமில்லை. அந்த அலையோடு சேர்த்தே முதுகை விட்டுவிட வேண்டும், நேராக்குகிறேன் என்று இழைத்துவிடக் கூடாது.

கணுக்களைப் பொறுத்தவரை யூ ரொம்பத் தாராளமான மரம். ஊசிமுனை போன்ற சின்னக் கணுக்கள் கூட்டமாக இருந்தால் அவற்றைச் சுற்றி மேடாக மரம் விட்டு வேலை செய்யலாம். கையின் நடுவில் இருக்கும் கணுவைச் சமாளிக்கலாம், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் கணுவைச் சமாளிக்க முடியாது. கறுத்து, தட்டினால் ஆடுகிற செத்த கணு இருந்தால் அது கைப்பிடியில் வருகிற மாதிரி வில்லை வரைய முடியுமா என்று பாருங்கள்.

வளையங்களை எண்ணுவதைக் கடைசியில் வைக்கிறேன், எல்லாரும் அதை முதலில் கேட்பதால். ஓர் அங்குலத்தில் 30, 40 வளையம் நெருக்கமாக இருந்தால் குளிர்ந்த மலைப்பக்கத்தில் மெதுவாக வளர்ந்த மரம், பெரும்பாலும் அடர்த்தியாக இருக்கும். தோட்டத்து மரத்தில் அவ்வளவு இருக்காது. அதனால் கவலைப்பட வேண்டாம், 15 வளையம் உள்ள மரத்திலும் கொஞ்சம் அகலமாகச் செய்தால் நல்ல வில் வரும், ஆனால் 60 வளையம் இருந்தும் வெள்ளை கெட்டுப்போயிருந்தால் அதில் தனி மரமாக வில் வராது.

நான்கில் ஒன்று தேறினால் சந்தோஷப்படுங்கள். வெள்ளை கெட்டு வைரம் மட்டும் நன்றாக இருப்பதையும் வீசாதீர்கள். வெள்ளையை முழுவதும் இழைத்து எடுத்துவிட்டு, நம் ஊர்ப் பெத்தோங் மூங்கிலில் மெல்லிய பட்டை எடுத்து முதுகில் ஒட்டினால் அருமையான வில் ஆகும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் யூ துண்டை ஆறு மாதமாக எடை பார்க்கிறேன். கடைசி இரண்டு மாதமாக எடை மாறவே இல்லை. காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? வேலையைத் தொடங்கலாமா?
– கிள்ளான் வாசகர்

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

எடை மாறவில்லை என்றால் மரமும் அது இருக்கும் அறையும் சமாதானமாகிவிட்டன என்று அர்த்தம், அவ்வளவுதான். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அந்தக் காற்றில் எத்தனை வருஷம் வைத்தாலும் மரம் 15, 16 சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்காது. யூ வில்லுக்கு வேண்டியது 8இலிருந்து 10 சதவீதம், 12 வரை பரவாயில்லை. ஈரம் அதிகமான மரத்தில் வில் செய்தால் ஒடியாது, ஆனால் இழுத்த வளைவிலேயே படிந்து நிற்கும். நாணைக் கழற்றினாலும் நிமிராது, அம்பு சோம்பலாகப் போகும். வயிற்றுப் பக்க நார் ஒரு தடவை நசுங்கிவிட்டால் அதற்கப்புறம் எவ்வளவு காய வைத்தாலும் பழையபடி வராது.

தினமும் இரவு ஏர்கோன் ஓடும் படுக்கையறை இருந்தால் அங்கே அலமாரி மேல் படுக்க வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அது 50, 55 என்று காட்டும் அறையில் மரம் 10 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். பகலில் ஏர்கோன் நின்றதும் ஈரம் திரும்ப ஏறும் என்பதால் இது மெதுவான வழி. ஏர்கோன் இல்லாத வீட்டில் ஒட்டுப்பலகையில் ஏழடி நீளப் பெட்டி ஒன்று அடித்து, உள்ளே பழைய இழை பல்பு 40 வாட்டில் ஒன்றோ இரண்டோ, மரத்தைத் தொடாத தூரத்தில் மாட்டுங்கள், மேலே காற்றுப் போக இரண்டு ஓட்டை போடுங்கள். எல்இடி பல்பு வாங்கி ஏமாற வேண்டாம், அதில் சூடு வராது. உள்ளே 38 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டின் இரண்டு தலையிலும் வெள்ளைப் பசையை இரண்டு பூச்சு தடவியிருக்க வேண்டும், இல்லையென்றால் தலைப்பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். புதிதாக வெட்டிய பச்சை மரத்தை நேராகப் பெட்டியில் வைக்கக் கூடாது, உங்களுடையது ஆறு மாதம் காய்ந்தது என்பதால் வைக்கலாம்.

பெட்டிக்குள் போனதும் எடை மறுபடி இறங்கத் தொடங்கும், நீங்களே பார்ப்பீர்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்து பென்சிலால் மரத்தின் மேலேயே எழுதி வையுங்கள். அங்கேயும் இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் இழைப்புளியைத் தொடலாம். வில் முடிந்த பின் மெழுகோ வார்னிஷோ போடாமல் வைத்தால் நம் மழைக்காலம் அந்த ஈரத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். அப்புறம், வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை வைத்துவிட்டுப் போகவே கூடாது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை லோரோங் குலிட் சந்தையில் ஒரு பழைய பலகை வாங்கினேன். ஆங்கிலேயர் காலத்து யூ என்று சொல்லி விற்றார்கள். எப்படி உறுதி செய்வது?
– ஆயர் ஈத்தாம் வாசகி

ஒரு பூதக்கண்ணாடியும் புது பிளேடும் போதும். பலகையின் தலைமுகத்தில், அதாவது மரத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில், ஒரு பத்துக் காசு அளவுக்கு பிளேடால் சுத்தமாகச் சீவிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஊசியால் குத்தியது போலத் துளைகள் தெரிந்தால் அது யூ கிடையாது, பேச்சே வேண்டாம். நம் மெராந்தி, மெர்பாவ், செங்கால் எல்லாவற்றிலும் துளை தெரியும். யூ ஊசியிலை மரம், அதில் துளையே இருக்காது, நெருக்கமான வளையக் கோடுகள் மட்டும் தெரியும். இந்த ஊரில் யூ என்று சொல்லப்பட்டு என்னிடம் வந்தவற்றில் மெர்பாவ்தான் அதிகம், நிறம் கொஞ்சம் ஒத்துப்போவதால். மெர்பாவில் அந்தத் துளைகளுக்குள் மஞ்சள் பொடி அடைத்திருக்கும், ஈரத்துணி சுற்றி வைத்தால் துணியில் பழுப்புச் சாயம் இறங்கும்.

துளை இல்லை என்றால் அடுத்து முகர்ந்து பாருங்கள். பைன் மரமும் ஊசியிலை மரம்தான், பெட்டிகளும் பலகைத் தட்டுகளும் அதில்தான் வருகின்றன, ஆனால் அதைச் சீவினால் பிசின் வாசனை அடிக்கும். யூவில் பிசின் குழாய் கிடையாது, அந்த வாசனை வராது. பைனைவிடக் கையில் நல்ல கனமாகவும் இருக்கும். புதிதாகச் சீவிய இடம் ஆரஞ்சு நிறத்தில் இருந்து, ஜன்னலோரம் சில வாரம் வைத்தால் தேன் பழுப்புக்கு மாறும்.

இன்னொன்று, பலகையின் ஓரத்தையும் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய பாணி அலமாரிகளில் மரத்தூள் பலகை மேல் யூவைக் காகிதம் போல மெல்லியதாக ஒட்டியிருப்பார்கள். உண்மையான கட்டை யூ அங்கே விண்ட்சர் நாற்காலிகளின் வளைந்த முதுகிலும் குச்சிகளிலும் கிடைக்கும், அதன் உட்காரும் பலகை பெரும்பாலும் எல்ம் மரம்.

உங்கள் பலகை யூவாகவே இருந்தாலும் தட்டையாக அறுத்த நாலடிப் பலகையில் வில் வருவது கஷ்டம். நீளம் போதாது, நாரும் ரம்பம் போன வழியில் வெட்டுப்பட்டிருக்கும். கைப்பிடி மேல் ஒட்டுவதற்கும், வில்லின் நுனியில் நாண் மாட்டும் முனைக்கும் அழகாக உதவும்.

கேள்வி: யூ மரம் விஷம் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
– செந்தூல் வாசகி

உண்மை. இலை, விதை, பட்டை, மரம் எல்லாவற்றிலும் டாக்ஸீன் (taxine) என்ற நஞ்சு இருக்கிறது, அது இதயத் துடிப்பைக் கெடுக்கும். விதையைச் சுற்றியிருக்கும் சிவந்த சதை ஒன்றுதான் விதிவிலக்கு. ஐரோப்பாவில் இலையைத் தின்று மாடும் குதிரையும் செத்திருக்கின்றன. காய்ந்த மரத்தைத் தொடுவதால் ஒன்றும் ஆகாது, முடிந்த வில்லைப் பிள்ளைகள் பிடிப்பதிலும் பயமில்லை. தூசிதான் ஆபத்து. உப்புத்தாள் போடும்போது நல்ல முகக்கவசம் கட்டாயம், துணி மாஸ்க் போதாது. நான் யூவுக்கு முடிந்தவரை உப்புத்தாளைத் தொடாமல் சுரண்டும் தகட்டிலேயே வேலையை முடிக்கிறேன், சுருள் சுருளாக விழும், தூசி பறக்காது. விழுந்த சுருளைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், ஆட்டுக்கோ முயலுக்கோ கீழே பரப்ப வேண்டாம், அடுப்பில் போட்டுச் சமைக்கவும் வேண்டாம். மிச்சத் துண்டில் கரண்டி செய்யலாமா என்று ஒருவர் கேட்டார், கூடவே கூடாது.

இதைச் சொல்லும்போது இன்னொரு விஷயம் ஞாபகம் வருகிறது. நாட்டு மருந்துக் கடையில் தாளிசபத்திரி என்று ஓர் இலை விற்கிறார்களே, அந்தப் பெயரில் இமயமலையின் வேறொரு ஊசியிலை மரத்து இலையும் வருகிறது, இமயத்து யூவின் இலையும் வருகிறது. யார் சொன்னார்கள் என்று நீங்களாகவே வாங்கிக் கஷாயம் போடாதீர்கள், படித்த சித்த மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: கிடைத்தது இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் மூன்றேகால் அடிதான். பிரயோஜனம் உண்டா?
– ஈப்போ வாசகர்

உண்டு. யூவில் ஆறடி நீளத்துக்கு நேரான, கணுக் குறைந்த மரம் கிடைப்பது அபூர்வம் என்பதால் இரண்டு குட்டைத் துண்டுகளைக் கைப்பிடியில் இணைத்து வில் செய்வது ஐரோப்பாவில் பழைய வழக்கம். 28 அங்குலம் இழுக்கும் வில்லுக்கு மொத்தம் ஆறடி வேண்டும், இணைப்பில் நாலு அங்குலம் போனாலும் உங்களுக்கு மிச்சம் இருக்கிறது. ஒரு துண்டின் தலையை மீன்வால் மாதிரி வெட்டி, மற்றதை அதற்குப் பொருந்துகிற மாதிரி வெட்டி, எப்பாக்சிப் பசை வைத்து இறுக்க வேண்டும். கைப்பிடிப் பகுதி வளையாது, அதனால் இணைப்புக்கு அடி விழாது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இரண்டு துண்டும் ஒரே மரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததாக இருந்தால் நல்லது. ஒன்று அடர்த்தியாகவும் மற்றது லேசாகவும் இருந்தால் மேல்கையும் கீழ்கையும் ஒன்றுபோல வளையாது, சரிக்கட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வெள்ளையின் கனத்தையும் பாருங்கள், முழுதாக இழுக்க 40, 50 பவுண்டு விசை வேண்டிய வில்லுக்கு 5, 6 மில்லிமீட்டர் போதும். ஒன்றில் அதிகமாக இருந்தால் ஒரே வளையத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சுரண்டி இறக்குங்கள்.

கேள்வி: வெள்ளையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருக்கின்றன. விட்டுவிடலாமா?
– சுங்கை பட்டாணி வாசகர்

தட்டிப் பாருங்கள். மாவு மாதிரிப் பொடி கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது, மற்ற மரங்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பொடி வராமல், இரண்டு மூன்று ஓட்டைதான், அதுவும் கைப்பிடியிலோ நுனியிலோ இருந்தால் பசையால் அடைத்துவிட்டு வேலை செய்யலாம். வளைகிற இடத்தில் வரிசையாக இருந்தால் வெள்ளையை முழுதாக எடுத்துவிட்டு முதுகில் மூங்கில் ஒட்டுங்கள். உறுமி மேளத்துக்குத் தோல் போடுகிறவர்களிடம் பச்சை ஆட்டுத்தோல் வாங்கி முதுகில் ஒட்டலாமா என்று கேட்பார்கள். தோல் சிலாம்பு கிளம்புவதைத் தடுக்குமே தவிர, உளுத்த மரத்துக்குப் பலம் தராது.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வில் செய்யக் கற்றுக்கொடுக்க ஆசை. யூ வரவழைக்க முடியுமா? அல்லது நம் ஊர் மரம் ஏதாவது உண்டா?
– சிரம்பான் ஆசிரியை

டீச்சர், வரவழைக்க வேண்டாம். மரம் கொண்டுவருவதற்கு அனுமதி, பூச்சிச் சோதனை என்று அலைச்சல் இருக்கிறது, விஷத்தூசி வேறு. இங்கிலாந்துக்காரர்களுக்கே அவர்கள் ஊர் யூ போதவில்லை. 1472இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள், சரக்கோடு துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்மரம் கொண்டுவர வேண்டும் என்று. மலைநாடுகளிலிருந்து வந்த மரத்தை நம்பித்தான் அவர்கள் வில் செய்தார்கள்.

நம்மிடம் வேறு வகையில் நல்ல பொருள் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலில் ஒரு பாகுபாடு வரும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அருமையானது. உள்ளே வைரம் உள்ளது மரம், அது அகக்காழ். வெளியே வைரம் உள்ளது புல், அது புறக்காழ். பனை, தென்னை, மூங்கில் எல்லாம் அந்தக் கணக்கில் புல்தான். வில் செய்கிறவனுக்கு இது அப்படியே கைக்கு வரும் பாடம். யூவில் உள்ளே இருக்கும் வைரத்தை வயிற்றுக்கு வைக்கிறோம். மூங்கிலிலும் பிரம்பிலும் வைரம் தோலை ஒட்டி வெளியே இருப்பதால் தோல் பக்கத்தை முதுகுக்கு வைத்து, உள்பக்கத்தைத்தான் செதுக்க வேண்டும். தோலைத் தொட்டால் வில் போச்சு.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது ரோத்தான் மானாவ், தடித்த பிரம்பு. நம் காடுகளிலும் சுமத்ராவிலும் விளைவது, பிரம்பு நாற்காலி செய்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். ஜெர்மனியில் வில் வகுப்புகளில் முதல் வில்லை மானாவ் என்ற பெயரிலேயே இந்தப் பிரம்பில்தான் செய்ய வைக்கிறார்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் பருமனுள்ள நேரான பிரம்பாக ஐந்தடி எடுங்கள். நடுவில் ஒரு சாண் கைப்பிடிக்கு விட்டுவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் நுனியை நோக்கிச் சாய்வாகச் சுரண்டினால் போதும். கணு, வெள்ளை, வளையம் என்ற தொல்லை எதுவும் கிடையாது, தவறாகச் சுரண்டினாலும் பிரம்பு சுலபத்தில் ஒடியாது. 15, 20 பவுண்டுக்கு மேல் போக வேண்டாம். கடையில் கணு இடைவெளியில் நசுங்கல், கறுப்புப் புள்ளி, பூச்சி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிளந்த பிரம்பு வேண்டாம், முழுப் பிரம்பாக வேண்டும்.

நம் காட்டு மரங்களில் செய்யலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கெம்பாஸ், செங்கால் போன்றவை கனமும் உறுதியும் உள்ளவைதான், ஆனால் அவற்றில் நார் ஒரு அடுக்கு இடமும் அடுத்த அடுக்கு வலமுமாகப் பின்னிக்கொண்டு வளர்கிறது. தூணுக்கு அது பலம், முதுகு இழுபட வேண்டிய வில்லுக்கு அது சிலாம்பு கிளம்பும் வழி.

கேள்வி: தாத்தா தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுப் பரணில் ஒரு பழைய ஆங்கில வில் கிடைத்தது, வெளியே வெண்மஞ்சள், உள்ளே பழுப்பு. நாண் கட்டிப் பார்க்கலாமா?
– பத்து காஜா வாசகர்

தயவுசெய்து கட்டாதீர்கள். பல பத்தாண்டுகள் பரணில் சூட்டிலும் ஈரத்திலும் மாறி மாறிக் கிடந்த யூ முதல் இழுப்பிலேயே ஒடியலாம், முகத்துக்கு நேராக ஒடியும். முதுகு முழுவதையும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், குறுக்காக மயிர்க்கோடு போல ஏதாவது தெரிகிறதா என்று. அப்புறம் வயிற்றுப் பக்கம், அங்கே குறுக்குச் சுருக்கங்கள் இருந்தால் நார் நசுங்கியிருக்கிறது. இரண்டு நுனியிலும் கொம்பில் செய்த முனை இருக்கிறதா, கைப்பிடித் துணிக்குக் கீழே இணைப்பு தெரிகிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள், துணியைப் பிரிக்க வேண்டாம். அதுவரை சுவரில் சாய்த்து நிறுத்தாமல், இரண்டு ஆணி அடித்து அதன் மேல் படுத்தவாக்கில் வையுங்கள், சமையலறைப் பக்கம் வேண்டாம்.